பினாங்கில் ஒரு நாள்: எதை எப்போது சாப்பிடுவது, எதை எப்படி வாங்குவது

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் அதன் தலைநகர் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியே போகாதீர்கள். சாப்பாட்டுக் கடைகளும் சந்தையும் நடக்கிற தூரத்தில்தான். வெயிலில் நடக்க முடியாவிட்டால், படகுத்துறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே சுற்றி வரும் இலவசப் பேருந்து இருக்கிறது. 5, 10 ரிங்கிட் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கடைகள் பல வாரத்தில் ஓரிரு நாள் மூடியிருக்கும், நாளும் கடைக்குக் கடை மாறும். அதனால் போக நினைக்கும் கடையின் விடுமுறையை முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

காலையில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா போன்றது), தே தாரேக் (நுரை வர ஆற்றிய பால் டீ). ஒன்றோடு நிறுத்துங்கள். வயிறு நிறைந்துவிட்டால் அன்றைக்கு மற்றதெல்லாம் கெடும்.

அடுத்து பினாங்கு சாலையில் உள்ள சௌராஸ்தா சந்தை. காலையில் கூட்டம் குறைவு, நிதானமாக ருசி பார்க்கலாம். இங்கே வாங்க வேண்டியது ஜாதிக்காய்தான். இந்தத் தீவில் பாலிக் புலாவ் பக்கம் விளைகிறது. நம் வீட்டில் கொட்டையை மட்டும் உரசிப் போடுவோம். இவர்கள் மேல்சதையையும் சீவி, சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். ஊறவைத்த மாங்காய், நெல்லிக்காயும் இருக்கும். எடைக்குத்தான் விற்பார்கள், ருசி பார்த்து 200 கிராம் வீதம் இரண்டு மூன்று வகை கேளுங்கள். உலர்ந்ததையே வாங்குங்கள், 'கெரிங்' என்று சொன்னால் புரியும். சாறோடு இருப்பது பெட்டிக்குள் ஒழுகும், கைப்பையிலும் விடமாட்டார்கள். பச்சை ஜாதிப்பழமும் விதையும் வேண்டாம்: இந்தியாவுக்குள் கொண்டுவர தாவரத் தடுப்புச் சோதனை அனுமதி தேவை.

தென்னங்கருப்பட்டி, அதாவது குலா மலாக்கா, வாங்கினால் உறையின் பின்பக்கம் படியுங்கள். 'குலா பாசிர்', 'குலா தெபு' என்று எழுதியிருந்தால் வெள்ளைச் சர்க்கரையோ கரும்புச் சர்க்கரையோ கலந்தது. பாத்திக் துணியைத் திருப்பிப் பாருங்கள். மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியதில் இருபக்கமும் நிறம் ஏறியிருக்கும். அச்சடித்ததின் பின்புறம் வெளிறிக் கிடக்கும்.

மதியத்துக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து விற்ற சாப்பாடு இது. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907 முதல் நடக்கிறது. சோறு, ஒரு கறி, வெண்டைக்காய் எடுத்துக்கொண்டு 'குவா சம்போர்' கேளுங்கள். எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள், ருசியே அந்தக் கலவையில்தான். பெரிய இறால், மீன் முட்டை, கணவாய் ஆகியவற்றைத் தட்டில் வைப்பதற்கு முன்பே விலை கேட்டுவிடுங்கள். பில் எகிறுவது இவற்றால்தான்.

சைவக்காரர்கள் லிட்டில் இந்தியாவுக்குப் போகலாம். 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்களில் சைவ உணவகங்கள் உண்டு. ஆசாம் லக்சா என்ற நூடுல்ஸின் புளிப்புச் சாறே மீனில் செய்தது, மேலே இறால் விழுதும் சேரும். மீனை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று கேட்டுப் பயனில்லை. வதக்கிய தட்டை அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவில் இறாலும் சிப்பியும் இருக்கும், பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். செண்டோல் பிரச்சினை இல்லாதது: பாண்டான் இலை மணக்கும் பச்சை மாவு இழை, சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், கருப்பட்டிப் பாகு, சீவிய பனி. நாலு மணி வெயிலுக்கு இதைவிட நல்லது கிடையாது.

மாலையில் தாவ் சார் பியா வாங்குங்கள். பாசிப்பயறும் வதக்கிய சின்ன வெங்காயமும் அடைத்த, இனிப்பும் உப்பும் கலந்த சிறு பிஸ்கட். அப்பளம்போல் உதிரும் என்பதால் காலையிலேயே வாங்கிப் பையில் சுமக்காதீர்கள். சில தயாரிப்புகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுப்பதானால் ஹலால் முத்திரையைப் பாருங்கள். காலாவதித் தேதியையும் பார்த்து, ஊருக்குப் போய்ச் சேரும் நாளைக் கணக்கிட்டு எடுங்கள்.

இரவில் நியூ லேன் தெருவின் சாப்பாட்டுத் தள்ளுவண்டிகள். முதலில் மேசை பிடித்து அதன் எண்ணைப் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டும். காசு சாப்பாடு வந்ததும். காப்பிக் கடைக்காரர் போட்ட மேசையானால் குடிக்க ஏதாவது அவரிடம் வாங்குவது முறை.

பெட்டி கட்டும்போது சம்பால் என்ற மிளகாய் விழுது, கறி விழுது, ஜாதிக்காய் எண்ணெய் எல்லாம் செக்-இன் பெட்டிக்குள் போகட்டும். 100 மில்லிக்கு மேல் போனால் விழுதையும் திரவமாகவே கணக்கிட்டுப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். பெலாச்சான் என்ற இறால் விழுதுக் கட்டி வாங்கினால் மூன்று உறை போட்டு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். அதன் வாடை துணியில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. பிஸ்கட் பெட்டி கைப்பையில், எல்லாவற்றுக்கும் மேலே.