கடன் கூடினால் தொழில் கூடியதாக அர்த்தமா? வங்கிக் கடன் கணக்கைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது கோவையில் பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் வேலையில் உதவி செய்கிறேன். வருடம் தவறாமல் யாராவது ஒருவர் உள்நாட்டுக் கடனை, அதாவது நாட்டுக்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் கடனை, தலைப்பாக எடுத்துவிடுவார். இந்தியாவின் கடன் விகிதம் ஏறி இறங்கும் கோட்டு வரைபடத்தை விரித்து வைப்பார். 1960களின் தொடக்கத்தில் தனியார் துறைக்குப் போன கடன் ஜிடிபியில் 10 சதவீதம்கூட இல்லை, இப்போது 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது, ஆகவே தொழில் வளர்ந்திருக்கிறது என்று எழுதி முடித்துவிடுவார். அந்தக் கோட்டுக்குள் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு இருக்கிறது. அதை இவ்வளவு அவசரமாகப் படிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

முதல் தவறு இதுதான்: கடன் தொகை கூடினால் உற்பத்தியும் கூடியிருக்கும் என்று நினைப்பது. 2021 தொடக்கத்தில் ஒரு கண்டி பஞ்சு, அதாவது 356 கிலோ, 50,000 ரூபாய்க்குள் இருந்தது. 2022 மே மாதத்தில் அது ஒரு லட்சத்தைத் தாண்டியது. நூல் விலையும் கூடவே ஏறியது. அந்த மாதம் பனியன் கம்பெனிகள் கதவடைத்துப் போராடும் அளவுக்குப் போனது. அப்போது ஒரு பனியன் கம்பெனிக்காரர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஏனுங்க சார், போன வருசம் ஓட்டுன அதே மிஷினுங்க, அதே ஆளுங்க. லிமிட்டு மட்டும் ரெண்டு மடங்கு கேட்டுட்டு வந்து நிக்கறனுங்க."

அவர் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை, அதாவது சரக்கு இருப்புக் கணக்கைப் பார்த்தேன். நூலின் கிலோ கணக்கு முந்தைய வருடத்தைவிடக் கொஞ்சம் குறைவு. விலைதான் ஏறியிருந்தது. சிசி, அதாவது சரக்கை அடமானமாகக் காட்டி வாங்கும் கேஷ் கிரெடிட் கடனில், எவ்வளவு வரை எடுக்கலாம் என்பதைச் சொல்லும் டிராயிங் பவர், சரக்கின் ரூபாய் மதிப்பில் கணக்கிடப்படுவது. விலை ஏறினால் அதுவும் ஏறும். ஆக, ரிசர்வ் வங்கியின் துறைவாரிக் கணக்கில் ஜவுளிக்கு வங்கிக் கடன் வளர்ந்ததாகப் பதிவாகும். அதே நேரத்தில் கம்பெனியில் ஒரு ஷிப்ட் நின்றுபோயிருக்கலாம். கடன் வளர்ச்சி விகிதத்தைப் பார்த்தவுடன், அந்தத் துறையின் மூலப்பொருள் விலை அந்த வருடம் என்ன ஆனது என்று பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். மொத்த நாட்டுக்கு என்றால் பணவீக்கத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், வெளியாகும் எண் பெரும்பாலும் ஒரு தேதியில் நிற்கும் பாக்கி. அந்த வருடம் புதிதாகக் கொடுத்த கடன் எவ்வளவு என்பது வேறு எண். இதைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது அல்லவா? தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. ஆறு மாத வட்டி அசலில் சேர்ந்த கணக்குகள் நிறைய. வாங்கியவர் கையில் ஒரு ரூபாய் புதிதாக வரவில்லை, பாக்கி மட்டும் பெரிதானது. இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். நாட்டின் வங்கிகளில் மொத்த வாராக்கடன் விகிதம் 2018 மார்ச்சில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. பின்னர் அது இறங்கியதற்கு வசூல் ஒரு காரணம், வங்கிகள் பழைய கடன்களைப் புத்தகத்திலிருந்து ரைட் ஆஃப் செய்தது இன்னொரு காரணம். அப்படிச் செய்தால் பாக்கித் தொகை குறையும். கடன்காரர் கட்டிவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை, வங்கி அவரைத் துரத்துவதை விட்டுவிட்டது என்றும் இல்லை. கடனே வேண்டாம் என்று விட்டுவிடும் தள்ளுபடி வேறு, ரைட் ஆஃப் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதும் செய்திகளை நம்பி ஆய்வு செய்யாதீர்கள்.

விகிதத்தில் இன்னொரு பொறி உண்டு. கடன் மேலே, ஜிடிபி கீழே என்று வகுத்துப் பார்க்கிறோம். 2020-21இல் நாட்டின் ஜிடிபி ரூபாய் மதிப்பிலேயே சற்றுச் சுருங்கியது. கடன் மெதுவாகத்தான் வளர்ந்தது, ஆனாலும் விகிதம் மேலே குதித்தது. வரைபடத்தில் அந்த வருடத்துக் குதிப்பைக் காட்டி 'கொரோனா காலத்தில் கடன் வெள்ளம்' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டம் வந்தது உண்மை, அதில் கடன் வாங்கிப் பிழைத்த சிறு கம்பெனிகளை எனக்கே தெரியும். ஆனால் வகுக்கும் எண் வழக்கம்போல வளராமல் சுருங்கியதும் அந்தக் குதிப்புக்கு முக்கியக் காரணம். இரண்டு எண்களையும் தனித்தனியே வரைந்து பார்க்காமல் விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது.

எந்தக் கடன் என்பதும் முக்கியம். 'உள்நாட்டுக் கடன்' என்ற பெயரில் நிதித்துறை கொடுக்கும் மொத்தக் கடன் ஒன்று இருக்கிறது, அதில் அரசுக்குப் போவதும் சேரும். தனியார் துறைக்கு மட்டும் போவது இன்னொன்று. அதிலும் வங்கிகள் கொடுப்பது மட்டும் மற்றொன்று. 1990களின் தொடக்கத்தில் வங்கிகள் டெபாசிட்டில் எஸ்எல்ஆர் என்று பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் 38.5 சதவீதமும், சிஆர்ஆர் என்று ரிசர்வ் வங்கியில் 15 சதவீதமும் ஒதுக்க வேண்டியிருந்தது. வாங்கிய டெபாசிட்டில் பாதிக்கு மேல் அரசுப் பத்திரத்திலும் ரிசர்வ் வங்கியிலும் போய் உட்கார்ந்தது. மொத்தக் கடன் கணக்கு கொழுத்துத் தெரியும், சோமனூர் விசைத்தறிக்காரர் லோன் கேட்டு வந்தால் கிளையில் பணம் இருக்காது. ஒரு வருடத்துக்கு இவற்றில் ஒரு கடன் கணக்கையும் அடுத்த வருடத்துக்கு வேறு கணக்கையும் எடுத்து ஒட்டிய வரைபடங்களை நானே திருத்தியிருக்கிறேன்.

வரையறை மாறும் இடங்களும் உண்டு. இங்கே கவனம் தவறினால் மொத்த முடிவும் தவறும். கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டிபிஎஸ் இந்தியா வங்கியோடு இணைக்கப்பட்டது. அதுவரை தனியார் வங்கிகளின் கணக்கில் இருந்த கடன்கள் ஒரே நாளில் வெளிநாட்டு வங்கிகளின் கணக்குக்குப் போயின. கரூர் கடைவீதியில் எதுவும் மாறவில்லை, அதே ஆள், அதே பாக்கி. 2023 ஜூலை 1இல் ஹெச்டிஎஃப்சி வீட்டுக்கடன் நிறுவனம் ஹெச்டிஎஃப்சி வங்கியோடு சேர்ந்தபோது இதைவிடப் பெரிய மாற்றம். 2024 மார்ச்சில் வங்கிக் கடன் வளர்ச்சி அந்த இணைப்பைச் சேர்த்தால் 20 சதவீதத்தை ஒட்டியும், நீக்கினால் 16 சதவீதத்தை ஒட்டியும் இருந்தது. ரிசர்வ் வங்கி இரண்டையும் வெளியிட்டது, எழுதுபவர்கள் பலர் ஒன்றை மட்டும் எடுத்தார்கள்.

சிறு, குறு தொழில் கடனும் இப்படித்தான். 2020 ஜூலையில் வரையறை மாறியது, 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரிகளும் முன்னுரிமைக் கடனுக்காக அதற்குள் வந்தார்கள், 2025 ஏப்ரலில் வரம்புகள் மறுபடி உயர்ந்தன. நேற்று வரை வெளியே இருந்தவர் இன்று உள்ளே வந்தால், புதுக் கடன் கொடுக்காமலே சிறு தொழில் கடன் வளரும். விவசாய நகைக்கடனை எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியில் ஒருவர் வைத்த அதே ஆரம் ஒரு வருடம் விவசாயத் தலைப்பில் இருக்கும், அடுத்த வருடம் சில்லறை நகைக்கடன் தலைப்புக்குப் போகும். விவசாயக் கடன் குறைந்தது, நகைக்கடன் பாய்ந்தது என்று இரண்டு தலைப்புச் செய்தி வந்துவிடும்.

மார்ச்சை ஜூனோடு ஒப்பிடாதீர்கள். ஈரோட்டில் மஞ்சள் வரத்து தொடங்கியதும் குடோன் ரசீதை வைத்து வாங்கும் கடன் ஏறி, விற்றதும் இறங்கும். நெல், கோதுமை கொள்முதலுக்கான உணவுக் கடனும் பருவத்தைப் பொறுத்து ஏறி இறங்குவதால்தான் அதைத் தனியாக நீக்கி வெளியிடுகிறார்கள். சென்ற வருடம் இதே மாதம் என்று பார்த்தால் போதும்.

நாட்டின் கோட்டை ஊரின் கோடாக எண்ணுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கும் தவறு. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அந்த நிதியாண்டில் நாட்டின் வங்கிக் கடன் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. புத்தகத்தில் அது நல்ல வருடம். அதே மாதங்களில் பட்டறைக்காரர்கள் கிளைக்கு வந்து, தவணைக்கு அவகாசம் கேட்டு நின்றார்கள். ஆற்றைக் கெடுத்தது தப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கடன்கள் மோசமானதற்கு வட்டி விகிதத்திலோ நாட்டின் கடன் சுழற்சியிலோ காரணம் தேடினால் கிடைக்காது.

மாவட்டக் கணக்கு எடுக்கும்போது, கடன் அனுமதித்த இடமா, பயன்படுத்திய இடமா என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கி இரண்டையும் பிரித்துத் தருகிறது. சென்னையிலோ மும்பையிலோ அனுமதியான கடனில் பெருமாநல்லூரில் கட்டடம் எழும். அனுமதித்த இடத்தைப் பார்த்தால் அது திருப்பூர் கணக்கிலேயே வராது.

நாமக்கல் லாரிக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் வரும். லாரிக்கு லோன் கொடுத்தது வங்கி சாரா நிதி நிறுவனம், அந்த நிறுவனம் பணம் வாங்கியது வங்கியிடம். வங்கிக் கடனையும் நிதி நிறுவனக் கடனையும் அப்படியே கூட்டினால் ஒரே லாரியை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். வங்கிகள் நிதி நிறுவனங்களுக்குக் கொடுத்ததைக் கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும்.

சரி, கணக்கில் வராத கடனை என்ன செய்வது? 1960களில் விகிதம் தாழ்ந்திருந்ததால் கொங்கு விவசாயி கடன் வாங்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா? கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் வட்டிக்காரரிடம் வாங்கினார். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயமாகி, கிராமங்களில் கிளைகள் திறந்தபின் அந்தக் கடனில் ஒரு பகுதி வங்கிப் புத்தகத்துக்கு வந்தது. கோடு ஏறியதில் புதுக் கடன் உண்டு, இடம் மாறிய பழைய கடனும் உண்டு. ஏலச்சீட்டு, கைமாற்று, ஊர் பைனான்ஸ் ஆகியவற்றின் பெரும்பகுதி இன்றும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறது.

2022இல் வந்த அந்தப் பனியன் கம்பெனிக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: நூல் விலை ஏறியதற்கு மட்டும் இவ்வளவு கூடுதல் லிமிட் வேண்டாமே, மிச்சம் எதற்கு? அதுவரை மில்லில் 60 நாள் கடனில் நூல் கொடுத்து வந்தார்களாம். விலை தினமும் ஏறியதும் முன்பணம் கட்டினால்தான் லோடு ஏற்றுவோம் என்றுவிட்டார்கள். "மில்லுக்காரரு குடுத்துட்டு இருந்த கடனைத்தானுங்க இப்ப உங்ககிட்ட கேக்கறேன்" என்றார்.