டக்ட் வீட்டுக்குக் குடிபோகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

மஞ்சக்குப்பத்திலோ முத்தியால்பேட்டையிலோ பிற்பகலில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வந்துவிடும். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் குளிர்காலம் முழுக்க ஜன்னல் மூடியேதான் இருக்கும். பல வீடுகளில் ஃபர்னஸ் என்ற வெப்ப உலை சூடாக்கும் காற்றைத் தகரக் குழாய்கள் ஒவ்வொரு அறைக்கும் கொண்டுபோகும். வேறு சில குழாய்கள் அறைக் காற்றைத் திரும்ப இழுக்கும். இவைதான் டக்ட். உங்கள் வீட்டில் சுவரோர ஹீட்டர் மட்டுமே இருந்தால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

முதலில் விட வேண்டியது, வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவும் பழக்கம். தரையில் தெரியும் கம்பிச் சட்டம் சாக்கடை வாய் அல்ல, டக்டின் வாய். உள்ளே தண்ணீர் இறங்கினால் தூசியோடு சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். சில குழாய்களின் உட்புறத்தில் கண்ணாடி இழை ஒட்டியிருக்கும். அது நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து துடையுங்கள். பெருக்கும் குப்பையையும் அந்த வாய்க்குள் தள்ளாதீர்கள். தாளிக்கும்போதும் சாம்பிராணி போடும்போதும், புகையை வெளியே தள்ளும் விசிறி ஓடட்டும்.

வந்த சில வாரங்களில் டக்ட் சுத்தம் செய்து தருவதாகத் தொலைபேசி அழைப்பு வரும். பேச்சு இனிக்கும், விலையும் முதலில் மலிவாகத்தான் இருக்கும். உள்ளே மருந்தடித்துப் பூச்சு கொடுத்தால் தூசி அடங்கிவிடும் என்றும் சொல்வார்கள். தொலைபேசியை வைத்துவிடுங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வழக்கமான டக்ட் சுத்தத்தையே பரிந்துரைப்பதில்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தாலோ, எலி, பூச்சி புகுந்திருந்தாலோ, தூசி அடைத்திருந்தாலோ மட்டும் செய்தால் போதும். பூஞ்சையின் மேலும் குப்பையின் மேலும் பூச்சடிப்பது ஓதம் ஏறிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தான்.

உண்மையில் பணம் கரைவது இணைப்புகளில். டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை ஓட்டைகளிலும் சரியாகப் பொருந்தாத இணைப்புகளிலும் வீணாவதாக எனர்ஜி ஸ்டார் என்ற அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டம் சொல்கிறது. ஃபர்னஸ் ஓடும்போது இணைப்பருகே ஊதுபத்தியைக் காட்டுங்கள். புகை விலகி ஓடினாலோ உள்ளே இழுபட்டாலோ அங்கே கசிவு. இதை அடைக்க டக்ட் டேப் வாங்காதீர்கள். 1998இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகச் சோதனையில் சூடு பட்டதும் தோற்றுப்போனது, அந்தப் பெயர் கொண்ட துணி டேப்தான்! மாஸ்டிக் என்ற குழைவான பசையைத் தூரிகையால் இணைப்பின் வெளிப்புறத்தில் பூசுங்கள், அல்லது டக்டுக்கென்றே தரச்சான்று பெற்ற அலுமினிய டேப்பை ஒட்டுங்கள்.

சுவருக்குள் மறைந்த குழாய்க்குக் கை எட்டாது. அதற்கு ஏரோசீல் என்ற முறை இருக்கிறது. அறை வாய்களை எல்லாம் மூடிவிட்டு, பசைத் துகள்களைக் காற்றோடு உள்ளே அனுப்புவார்கள். ஓட்டை வழியே காற்று வெளியேறும்போது துகள்கள் அதன் விளிம்பில் படிந்து மூடிவிடும். இதுவும் அதே ஆய்வகத்தில் பிறந்ததுதான். சுமார் 16 மில்லிமீட்டர் வரையுள்ள ஓட்டைகளுக்கு இது பொருந்தும். கழன்று கிடக்கும் இணைப்பை முதலில் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

பேஸ்மென்ட் என்ற நிலத்தடித் தளத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் இதில் எதையும் தாங்களே செய்ய வேண்டாம். வீட்டுக்காரரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். மேல்மாடி மீன்குழம்பு வாசனை உங்கள் படுக்கையறைக்கு வந்தால், இரு வீட்டுக்கும் ஒரே ஃபர்னஸாக இருக்கலாம். ஃபர்னஸுக்குப் போகும் காற்றின் தூசியைப் பிடிக்கும் ஃபில்டரை யார் மாற்றுவது என்பதையும் குடிபோகும்முன் பேசிவிடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள், அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் விட வேண்டாம்.

பழைய வீட்டில் குழாயைச் சுற்றி வெள்ளைக் காகிதம் போன்ற உறை இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். தொடாதீர்கள், சுரண்டாதீர்கள். எரிவாயு ஃபர்னஸ் உள்ள அறையில், காற்றை இழுக்கும் குழாய் கசிந்தால் புகைபோக்கியில் போக வேண்டிய நச்சுவாயு வீட்டுக்குள் திரும்பக்கூடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வீடு பார்க்கப் போகும் அன்றே, படுக்கையறைப் பக்கம் அதற்கான அலாரம் இருக்கிறதா என்று கேட்டு, பொத்தானை அழுத்தி ஒலிக்கச் செய்து பாருங்கள்.