மூத்தவனிடம் கோட்டை விட்டதை இளையவளிடம் சரிசெய்தேன்

மூத்தவனைச் சென்னையில் விடுதியில் சேர்த்தபோது வாளி, பூட்டு, தலையணை, நார்த்தங்காய் ஊறுகாய் என்று பெட்டியைத்தான் தயார் செய்தோம். பையனைத் தயார் செய்யவில்லை. மூன்றாம் நாளே வெள்ளைச் சட்டைகள் வெளிர்நீலமாகிவிட்டன. புது ஜீன்ஸோடு ஒரே வாளியில் ஊறவைத்திருக்கிறான்! அடுத்த வாரம் காய்ச்சல். பெட்டியில் மாத்திரை இருந்தும் எது எதற்கென்று தெரியாமல் இரவு ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்தான். நானும் சும்மா இருக்கவில்லை. நாளுக்கு ஐந்து முறை அழைத்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுக் கேட்டே அவன் போனை எடுக்காதபடி செய்துவிட்டேன்.

இளையவள் கோவையில் விடுதிக்குக் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அவள் துணியை அவளே துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். முதல் வாரம் காலரில் சோப்பு நுரை அப்படியே காய்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மாத்திரைகளைத் தனித்தனி உறையில் போட்டு, எதற்கு, எத்தனை வேளை என்று அவள் கையாலேயே எழுதவைத்தேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொடியின் பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் அல்ல, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. ராகிங் புகாருக்கான 1800-180-5522 எண்ணையும் அவள் போனில் பதிந்தாயிற்று. தீபாவளிக்கு ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே தொடங்கிவிடும் என்பதால் அந்த நாளைக் காலண்டரில் வட்டமிட்டேன்.

அழைப்பு புதன், ஞாயிறு இரவு மட்டும். முதல் புதன்கிழமை நான்கு நிமிடம்தான் பேசினாள். மாடியில் துணி காய்கிறது, தூறல் விழுகிறது என்று வைத்துவிட்டாள்.