உதவித்தொகைக்குக் கட்சிக்காரர் தயவு வேண்டாம்: டர்பனின் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் குடும்பங்களுக்கு

தன்னையும் தன்னை நம்பியிருப்பவர்களையும் காப்பாற்ற வழியில்லாதவருக்குச் சமூக உதவி கேட்க உரிமை உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டம் 27ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. விண்ணப்பத்தை முடிவு செய்வது, உதவித்தொகை வழங்கும் அரசு முகமையான சாசா (SASSA) அலுவலகம். "கூட்டத்துக்கு வாங்க, பேரைச் சேர்த்துடறேன்" என்று வார்டு கவுன்சிலரோ கட்சிக் கிளைக்காரரோ சொன்னால் நம்ப வேண்டாம். அந்த அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது.

அடையாள அட்டை, வருமானச் சான்று, 3 மாத வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றோடு நேரில் போங்கள். முதியோர் தொகைக்கு வயது 60 ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. அடையாள அட்டை இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பக் கூடாது. சாசாவின் படிவத்திலேயே உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். நடமாட முடியாதவருக்காக உறவினர் போகலாம். விண்ணப்பிப்பவரின் கடிதமும் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும்.

பலர் ஏமாறுவது இங்கேதான்: "நானே கொடுத்துடறேன்" என்பவரிடம் தாள்களைக் கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். தொகை விண்ணப்பித்த தேதியிலிருந்துதான் கணக்காகும். தாள்கள் அவர் பையில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் உங்களுக்கு நஷ்டம், அவருக்கோ பிடி. படிவத்தை அதிகாரி முன்னால் நிரப்பி, தேதி போட்டு முத்திரை குத்திய ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள். விண்ணப்பித்ததற்கு அது ஒன்றே சாட்சி. வீட்டுக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து வையுங்கள்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; வாய்வார்த்தையை வைத்து முறையீடு செய்ய முடியாது. மறுப்பு தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் முறையீடு போய்ச் சேர வேண்டும். "பேசி முடிச்சுத் தர்றேன்" என்று ஒருவர் இழுத்தடித்தால் இந்தக் கெடுதான் ஓடிப்போகிறது.

ஏழைகளுக்குத் தரும் உணவுப் பொட்டலத்தில்தான் கட்சிக் கை அதிகம் நுழைகிறது. 2020 ஊரடங்கில் பொட்டலங்கள் கட்சிக்காரர்களுக்கே போவதாகப் பல மாகாணங்களில் புகார் எழுந்தது. அப்படி நடந்தால் தேதி, இடம், கொடுத்தவர், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் அன்றே எழுதி, கூட இருந்த இருவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கோபமாக நாலு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு பக்கம் வலுவானது. வாக்குக்காகப் பொருள் கொடுப்பதைத் தேர்தல் நடத்தை விதிகள் தடை செய்கின்றன. அந்தப் புகார் தேர்தல் ஆணையத்துக்கு. அரசுப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினால், அரசு முறைகேடுகளை விசாரிக்கும் பொதுப் பாதுகாவலர் (Public Protector) அலுவலகத்துக்கு: 0800 11 20 40, கட்டணமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.