மாடித் தொட்டி வழியாமல் இருக்க: ஹோம் அசிஸ்டன்ட் முதல் பாடம்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். பாலாறு மட்டும் இன்னும் மனது வைத்தால்தான் வரும். இந்த ஊரில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய், தொட்டி வழிந்தால் வீட்டில் என்ன பேச்சு வாங்குவோம் என்று சொல்ல வேண்டுமா?

அதிலிருந்து தப்பிக்கத்தான், வீட்டுக் கருவிகளைத் தானாக இயக்க உதவும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் பக்கம் போனேன். அதுவும் ஒரு சின்ன வீட்டுத் தேவையில் பிறந்ததுதான். பொழுது சாய்ந்ததும் வீட்டு விளக்குகள் தானாக எரிய வேண்டும் என்று பவுலஸ் ஸ்கௌட்சன் பைத்தானில் எழுதிய நிரல், 2013-ல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக வெளிவந்தது. 2018-ல் கூட்டாளிகளோடு நபு காசா நிறுவனத்தைத் தொடங்கினார். முதலீட்டாளர் பணம் வாங்காமல் சந்தாவில் ஓடும் நிறுவனம். 2024-ல் ஹோம் அசிஸ்டன்ட், ஓபன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கற்ற அமைப்பின் கைக்குப் போனது. அதனால் நாளைக்கு யாரோ கடையை மூடினால் நம் வீட்டு மோட்டார் நிற்காது. எனக்கு அது போதும்.

சரி, வேலைக்கு வருவோம். தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நின்று, செல்போனுக்கும் சேதி வர வேண்டும். அதுதான் திட்டம்.

1. ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி ஒன்று வாங்குங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற மென்பொருள் மூலம் மெமரி கார்டில் ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ்ஸை ஏற்றி, கார்டைப் பையில் செருகி, பையை ரௌட்டரோடு லேன் கேபிளில் இணையுங்கள். பிரௌசரில் ரௌட்டர் காட்டும் ஐபி முகவரியையும் 8123 என்ற போர்ட்டையும் போட்டால் திறக்கும். முதல் முறை நேரம் எடுக்கும். பதறி பிளக்கைப் பிடுங்காதீர்கள். பை, ரௌட்டர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் வையுங்கள். கரண்ட் போய்ப் போய் வந்தால் கார்டு கெட்டுவிடும்.

2. ஹோம் அசிஸ்டன்ட்டில் ஈஎஸ்பிஹோம் என்ற துணைச் செயலியை நிறுவி, அது உருவாக்கும் நிரலை ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டு ஒன்றில் ஏற்றுங்கள். போர்டு மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருக்கட்டும்.

3. தொட்டியில் ஃப்ளோட் ஸ்விட்ச், அதாவது தண்ணீரோடு மிதந்து ஏறி இறங்கும் ஸ்விட்ச். அதன் வயர் போர்டுக்கு வர வேண்டும். தொட்டி நிறையாதவரை இணைந்திருந்து, நிறைந்ததும் விலகும்படி வயரை எடுங்கள். காரணம் இருக்கிறது: எலி வயரைக் கடித்துத் துண்டித்தாலும் போர்டு ‘தொட்டி நிறைந்துவிட்டது’ என்றே நினைக்கும். மோட்டார் ஓடாது, அவ்வளவுதான்.

4. இங்கேதான் நான் மாட்டினேன். போர்டின் சொல்படி கரண்டை இணைத்து விலக்கும் சின்ன ஸ்விட்சான ரிலேவிலேயே மோட்டாரை நேராக இணைத்தேன். கிளம்பும்போது மோட்டார் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். நாலாம் நாள் ரிலேவின் உள்தகடுகள் ஒட்டிக்கொண்டன. செல்போனில் ‘ஆஃப்’ என்று காட்டுகிறது, மாடியில் தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்து வீட்டு அத்தை, “தம்பி, கம்ப்யூட்டர் வச்சும் வழியுதே!” என்றார். கான்டாக்டர் என்பது மோட்டாரின் பெரிய கரண்டைத் தாங்கும் ஸ்விட்ச். ரிலே அதன் காயிலை மட்டும் இயக்கட்டும்; மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியே போகட்டும். இந்த வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

5. ‘நிறைந்தால் நிறுத்து’ என்ற கட்டளையை ஈஎஸ்பி32-க்குள்ளேயே எழுதுங்கள். வைஃபை போனாலும் மோட்டார் நிற்கும். எங்கள் தொட்டி 25 நிமிடத்தில் நிறையும் என்பதால், 35 நிமிடத்தில் எப்படியும் நிற்க ஒரு டைமரும் வைத்தேன். கரண்ட் போய் வந்ததும் ரிலே எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்று சொல்லும் ரீஸ்டோர் மோடு ‘ஆல்வேஸ் ஆஃப்’ ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் நடுராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டாரும் எழுந்துவிடலாம்.

6. அப்புறம் ஹோம் அசிஸ்டன்ட் செயலியைச் செல்போனில் போட்டு, ஆட்டோமேஷன் பகுதியில் தொட்டி நிறைந்தால் அறிவிப்பு வரும்படி அமையுங்கள். அறிவிப்பின் வாசகத்தைத் தமிழிலேயே எழுதலாம். எங்கள் வீட்டில் வருவது: “தொட்டி ரொம்பிடுச்சு.”