தோல் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளை வெஸ்டர்ன் பிளாட்டில் பார்ப்பது எப்படி?

வெஸ்டர்ன் பிளாட் என்பது செல்லின் புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதை ஒரு பட்டையாகக் காணும் முறை. பட்டை சரியாக வராவிட்டால் ஆன்டிபாடியைக் குறை சொல்வதுதான் வழக்கம். முதலில் சந்தேகப்பட வேண்டியது செல் வளர்ந்த மீடியத்தை, அதாவது வளர்ப்புக் கரைசலை.

கன்றுச் சீரத்தில் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் இயல்பாகவே உண்டு. மீடியத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட், மெலிதாக ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். கெரட்டினோசைட் (மேல்தோல் செல்) மீடியத்தில் பெரும்பாலும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும். இவை ஏற்பியின் அளவையே மாற்றிவிடும். ஆண்ட்ரோஜன் ஒட்டிக்கொண்ட ஆண்ட்ரோஜன் ஏற்பி சிதையாமல் நிலைக்கும். எஸ்ட்ராடயால் (ஒரு ஈஸ்ட்ரோஜன்) ஒட்டிக்கொண்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவோ வேகமாகச் சிதையும். எனவே செல்களை எடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே ஃபீனால் ரெட் இல்லாத மீடியத்துக்கும், கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்துக்கும் மாற்றுங்கள். ஹைட்ரோகார்ட்டிசோனையும் விட்டுவிடுங்கள். ஒப்பிடப்போகும் தட்டுகள் எல்லாம் ஒரே அடர்த்தியில், ஒரே கால்சிய அளவில் இருக்கட்டும். கால்சியம் கூடினால் கெரட்டினோசைட் முதிரத் தொடங்கிவிடும், பிறகு ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

தட்டை ஐஸ் மேல் வைத்து, குளிர்ந்த பிபிஎஸ்ஸால் (உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவுங்கள். இதில் அவசரம் வேண்டாம். மிஞ்சிய சீர ஆல்புமின் ஜெல்லில் 66 கிலோடால்டன் (புரதத்தின் எடை அலகு) இடத்தில் ஓடும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவும் அங்கேதான் வரும், பட்டை நசுங்கிப் பரவிவிடும்.

10 செ.மீ. தட்டுக்கு செல்லைக் கரைக்கும் ரிபா பஃபர் 300 மைக்ரோலிட்டர், புரதச் சிதைவைத் தடுக்கும் புரோட்டியேஸ் தடுப்பானுடன். சுரண்டி எடுத்து ஐஸில் 20 நிமிடம் வைத்தபின் சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலி அலையால் உடையுங்கள். உட்கருவில் குரோமட்டினில் (டிஎன்ஏ-புரதத் தொகுதி) ஒட்டியிருக்கும் ஏற்பி, இதைத் தவிர்த்தால் வண்டலோடு போய்விடும். பிறகு 14,000 ஜி விசையில், 4 டிகிரியில், 15 நிமிடம் சுழற்றுங்கள். புரத அளவை பிசிஏ என்ற நிறமாற்ற முறையில் பாருங்கள். ரிபாவிலுள்ள டிடர்ஜென்ட், பிராட்ஃபோர்டு என்ற மற்றொரு அளவீட்டு முறையைக் குழப்பும்.

ஒரு குழிக்கு 30 மைக்ரோகிராம், 8 சதவீத ஜெல். ஆண்ட்ரோஜன் ஏற்பி சுமார் 110, குளுக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி சுமார் 95 கிலோடால்டனில் வரும். ஜெல்லிலுள்ள புரதத்தை, மெத்தனாலில் நனைத்த பிவிடிஎஃப் சவ்வுக்கு 100 வோல்ட்டில் 90 நிமிடம், ஐஸ் சூழ மாற்றுங்கள். ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாதிருக்க, சவ்வை 5 சதவீத ஆடை நீக்கிய பால்பொடிக் கரைசலில் ஒரு மணி நேரம் வையுங்கள்; பின் ஏற்பியைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியில் 4 டிகிரியில் இரவு முழுதும்.

பட்டை உண்மையானதா என்று ஒப்பிட, ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கு அது உள்ள எல்என்கேப் செல்லும், அது காணப்படாத பிசி-3 செல்லும் (இரண்டும் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்கள்) அதே ஜெல்லில் ஓடட்டும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி ஆல்ஃபாவுக்கு அது உள்ள எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி பீட்டாவில் கூடுதல் கவனம் தேவை: பரவலாகப் பயன்பட்ட ஆன்டிபாடிகள் பலவும் வேறு புரதத்தைப் பிடித்ததாகப் பின்னர் தெரிந்தது. அந்த ஏற்பியின் ஜீனை அடக்கிய செல்லில் பட்டை மறையாவிட்டால் முடிவை ஏற்காதீர்கள்.

தோல் உடலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைக் குறிக்க மறக்காதீர்கள். பிறப்புறுப்புத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டில் (உள்தோலின் இணைப்புத் திசுச் செல்) ஆண்ட்ரோஜன் ஏற்பி மற்ற இடங்களைவிட அதிகம். கைத்தோல் செல்லை அதனோடு ஒப்பிட்டு, வரும் வேறுபாட்டை நோயின் விளைவென்று சொல்ல முடியாது.