முகத் துடிப்புக்கு எம்.ஆர்.ஐ. பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

போன வாரம் ஒரு ரேடியாலஜி பி.ஜி. மாணவர் ரிப்போர்ட்டைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். இடது கண்ணும் கன்னமும் வருடக்கணக்காகத் துடிக்கும் ஒரு பெண்மணியின் எம்.ஆர்.ஐ. ‘ஏழாம் நரம்பில் அழுத்தம் இல்லை’ என்று எழுதியிருந்தார். ஏழாம் நரம்பு என்பது முகத்தை அசைக்கும் முகநரம்பு; அதன் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால்தான் பெரும்பாலும் இந்த ஒருபக்கத் துடிப்பு (ஹெமிஃபேஷியல் ஸ்பாசம்) வருகிறது. எனக்குப் பகீரென்றது. இதே வரியை, இதே காரணத்தால், படிக்கிற காலத்தில் நானும் எழுதியிருக்கிறேன்.

பக்கம் மாற்றி எழுதுவது, பழைய ஸ்கேனைக் கேட்டு வாங்காமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

நரம்பு நன்றாகத் தெரிகிற இடத்திலேயே தேடுவது

உள்செவிக் கால்வாய் மட்டத்தில் ஏழாம் நரம்பும், கேட்புக்கான எட்டாம் நரம்பும் வெள்ளையாகத் தெரியும் மூளை நீருக்குள் இரண்டு கறுப்பு நூல்களாக நீண்டு கிடக்கும். புதிதாகப் பார்ப்பவரின் கண் அங்கேயே நின்றுவிடும். அழுத்தம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

மூளைத்தண்டில் மேலே இருக்கும் பான்ஸும் கீழே இருக்கும் மெடுல்லாவும் சேரும் பள்ளத்தில் வெளிவரும் முகநரம்பு உடனே விலகிப் போவதில்லை. சில மில்லிமீட்டர் தூரம் பான்ஸின் மேல் ஒட்டிக்கொண்டே ஏறி, அப்புறம்தான் பிரிந்து காதுப் பக்கம் திரும்புகிறது. ஒட்டியிருக்கும் அந்தப் பகுதியும் பிரியும் இடமும்தான் எளிதில் பாதிக்கப்படுபவை. தள்ளிப் போனால் நரம்பின் மேலுறை மாறிவிடும், ரத்தக்குழாய் தொட்டாலும் பெரும்பாலும் தாங்கும்.

நான் தவறவிட்டது ஒரு தையல்காரம்மாவுக்கு. ஊசியில் நூல் கோக்கும்போது ஒரு கண் தானாக இறுகி மூடிக்கொள்கிறது என்றார். கால்வாய் மட்டத்துப் படங்களைப் பார்த்தேன், ‘அழுத்தம் இல்லை’ என்று எழுதினேன். அந்த ஒரு வரியை நம்பி அவருக்கு இரண்டு வருடம் மனப்பதற்றத்துக்கான மாத்திரைதான் கிடைத்தது. பிறகு ஒரு நரம்பியல் அறுவை மருத்துவர் அதே பழைய படங்களைத் திரையில் போட்டு, நான் நிறுத்திய இடத்திலிருந்து ஏழெட்டுப் படம் கீழே உருட்டினார். சிறுமூளைக்குப் போகும் பைக்கா தமனியின் வளைவு பள்ளத்துக்குள் புகுந்து, நரம்பின் வேரில் குழி விழும்படி உட்கார்ந்திருந்தது. படம் எடுத்தவர் சரியாகத்தான் எடுத்திருந்தார். நான்தான் அதுவரை போகவில்லை. இன்றைக்கும் இந்தத் தவறைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

அதனால் கீழிருந்து தொடங்குங்கள். மெடுல்லாவில் ஒன்பதாம் நரம்பைப் பிடியுங்கள், அதற்குச் சற்று மேலே பள்ளம் வரும். கொரோனல் தளத்திலும் (முகத்துக்கு இணையாக வெட்டிய படங்கள்) ஒருமுறை பாருங்கள். சிறுமூளைக்குப் போகும் ஐக்கா, பைக்கா, கழுத்திலிருந்து ஏறி வரும் வெர்டிப்ரல் ஆகிய மூன்று தமனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. கால்வாய் வாசலில் ஐக்கா வளையம் நரம்பைத் தொட்டாலே ‘அழுத்தம்’ என்று எழுதிவிடுவார்கள். துடிப்பே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த வளையம் அங்கேதான் இருக்கிறது.

சாதாரண மூளை எம்.ஆர்.ஐ.யோடு நிறுத்துவது

5 மி.மீ. தடிமன் படங்களில் நூல் போன்ற நரம்பு சிக்காது. ஒரு மி.மீ.க்கும் குறைந்த தடிமனில், நீரை வெள்ளையாகக் காட்டும் முப்பரிமாண டி2 படம் வேண்டும். சீமென்ஸ் கருவியில் சிஸ், ஜி.ஈ.யில் ஃபியஸ்டா என்பார்கள். அதில் நரம்பும் கறுப்பு, குழாயும் கறுப்பு. எது எது என்று பிரிக்க ஓடும் ரத்தத்தை வெள்ளையாகக் காட்டும் டி.ஓ.எஃப். ஆஞ்சியோவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டி எதுவும் நரம்பைத் தள்ளவில்லை என்று உறுதிசெய்ய, ஊசி வழி ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து உதவும்.

சி.டி. மட்டும்

போதாது.

படத்தை வைத்து நோய்க்குப் பெயர் வைப்பது

இந்த நோயை முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்க இமையில் தொடங்கும், மெல்லக் கன்னத்துக்கும் வாயோரத்துக்கும் இறங்கும், தூக்கத்தில்கூட வரலாம். கண் இறுகும் நேரத்தில் அதே பக்கப் புருவம் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள். பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி கவனித்துச் சொன்ன அடையாளம் அது. இரண்டு கண்ணும் சேர்ந்து இறுகினால் அது வேறு நோய். முன்பு முகவாதம் வந்ததா என்றும் கேளுங்கள். அதன் மிச்சமும் இப்படித் துடிக்கும்.

ஸ்கேனில் குழாய் தெரியாததால் துடிப்பு பொய்யாகிவிடாது. குழாயை விலக்கி இடையில் டெஃப்லான் பஞ்சு வைக்கும் அறுவைக்கு வழிகாட்டத்தான் முக்கியமாக நம் படம் தேவை. எனவே எந்தக் குழாய், நரம்பின் எந்தப் பகுதியில் என்று எழுதுங்கள்.

அந்த மாணவரும் நானும் சேர்ந்து கீழே உருட்டினோம். இடது வெர்டிப்ரல் தமனி பான்ஸையே லேசாக அழுத்திக்கொண்டு நின்றது. ரிப்போர்ட்டை அவரே மாற்றி எழுதினார். அன்று மாலையே அந்தப் பெண்மணியை அனுப்பிய மருத்துவருக்குப் போன் செய்தோம்.